துவக்கு இருக்கோ என்று கேட்டவர்

முதல் தடவை அவருடன் போனில் பேசி முடித்ததும் நான் என் கணவரிடம் சொன்னது, "உந்த மனுசிக்கு மரை கழண்டுபோச்சு" என்பதுதான்.

என் மகளும் அவருடைய மகனும் ரொறன்ரோவின் ஓரத்தில் ரூஜ் என்ற இடத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படித்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் பையனை எங்கள் வீட்டுக்கு விளையாட விடும்படி நான்தான் கேட்டிருந்தேன். அவர் சந்தோசமாக ஒத்துக்கொண்டார். பையனுக்குக் கச்சான் கடலை ஒத்துவராது என்றார். நாய் வளர்க்கிறோமா என்று கேட்டார். பின்வளவில் நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்டார். இதுவரைக்கும் எல்லாத் தாய்மாரும் கேட்பதுதான். பிறகு அதே மூச்சில், குரல் கொஞ்சமும் மாறாமல், "உங்கட வீட்டிலை துவக்கு இருக்கோ?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுமொழிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் கணவர் கணக்காளர். கோழி வெட்டுவதைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பிறவி. எங்கள் வீட்டில் ஆயுதம் என்று சொல்லக்கூடியது தேங்காய்த் திருவலை மட்டுந்தான். இதெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, "இல்லை" என்று விறைப்பாகச் சொன்னேன். "நன்றி தங்கச்சி, மத்தியானச் சாப்பாடு முடியக் கொண்டுவந்து விடுறன்" என்று அவர் போனை வைத்தார். நான் கோபப்பட்டதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது, கவனித்திருக்கிறார், பொருட்படுத்தவில்லை.

அவர் வீடு விற்கிற ஏஜென்ற். ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்குள் ஏஜென்றுகளுக்குப் பஞ்சமில்லை. பலசரக்குக் கடை நாட்காட்டியிலிருந்து கலியாண மண்டபத்து வாசல் வரைக்கும் அவர்களுடைய முகங்கள்தான் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையும் பகைக்க மாட்டார்கள். எங்கே போனாலும் பல்லைக் காட்டி, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, கறியைப் புகழ்ந்துவிட்டு வருவார்கள். இவருக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது, சிவப்பு உதட்டுச்சாயமும் இருந்தது. பனியிலும் குதியுயர்ந்த சப்பாத்துத்தான். வாசலில் கழற்றி ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொள்வார். அவர் வந்துபோன வீட்டில் வாசனைத் திரவியத்தின் மணம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிற்கும். ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடுகிற நாசூக்கு மட்டும் அவருக்கு வரவே இல்லை.

வீடு பார்க்க வருபவர்கள் சமையலறைக் கல்லைத் தடவுவார்கள், தண்ணீரைத் திறந்து பார்ப்பார்கள். இவர் நேரே அலுமாரிகளுக்குப் போவார். எல்லாக் கதவுகளையும் திறப்பார், எட்டாத தட்டை நுனிக்காலில் எம்பிப் பார்ப்பார். "ஹோலை எல்லாரும் கூட்டித் துடைச்சுத்தான் வைச்சிருப்பினம். அலுமாரியைத் திறந்தால்தான் வீடு உண்மை கதைக்கும்" என்பார். விற்கிறவர் பக்கத்தில் நின்றாலும், பேஸ்மென்றில் தண்ணீர் வந்ததா என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார். கோயிலில் ஐயரிடம், அர்ச்சனைச் சீட்டில் பெயர் இருக்கும்போது ஏன் மூன்று தடவை கேட்கிறார் என்று கேட்டிருக்கிறார். என் கணவரிடம் அவருடைய வயிற்றைக் காட்டி, "அண்ணை, உது எத்தினையாம் மாதம்?" என்றும் கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் நான் அவரை மன்னித்தேன்.

ஆனால் துவக்குக் கேள்விதான் அவரை ஊரறியச் செய்தது. மகன் யார் வீட்டுக்கு விளையாடப் போவதென்றாலும் கேட்பார். டாக்டர் வீடு, ரீச்சர் வீடு, கோயில் தலைவர் வீடு, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எங்கள் சனம் அதற்கு இரண்டு விதமாக மறுமொழி சொன்னது. ஒன்று, எங்களைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்பது. மற்றது கொஞ்சம் நக்கலாக வரும். "நாங்கள் பாக்காத துவக்கோ?"

இந்த இரண்டாவதில் நியாயம் இருப்பதுபோல முதலில் தோன்றும். உண்மைதான், நாங்கள் பார்க்காத துவக்கில்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் சந்தியில் பார்த்தோம், பள்ளிக்கூட வாசலில் பார்த்தோம், பஸ்ஸை மறித்து ஏறியவர்களின் தோளில் பார்த்தோம். ஆனால் அவை எல்லாம் வெளியே இருந்த துவக்குகள், வேறு யாருடையவோ. சேலைகளுக்கும் குளிர்ச் சட்டைகளுக்கும் நடுவில், எங்கள் சொந்தத் துவக்கு ஒன்று சட்டப்படி குடியிருக்கும் என்று எங்களில் யாருக்கும் நினைக்கத் தெரியாது. நிறையப் பார்த்ததால் எல்லாம் தெரியும் என்று நினைத்தோம். அந்தத் தெரிதல் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இரத்தத்தோடு போயிருக்கும் என்று வேறு நம்பினோம்.

"பாத்தது நாங்கள், பிள்ளையள் இல்லை" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். "அதுகள் பாத்த துவக்கெல்லாம் வீடியோ கேமிலை. அதிலை செத்தவன் திரும்ப எழும்பி வருவான்."

அவருக்கு ஊரில் ஏதோ நடந்திருக்கவேண்டும் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தம்பி ஒருவன் செத்தானாம். இல்லை, தகப்பனாம். மிகுந்த பரிவோடு தலையை ஆட்டிக்கொண்டு சொல்வார்கள். பரிவு காட்டினால் பிறகு பதில் சொல்லத் தேவையில்லை பாருங்கள். நான் அவரிடமே கேட்டேன். கேட்கிற பழக்கம் அதற்குள் எனக்கும் தொற்றிவிட்டது. அவர் காரை ஓட்டிக்கொண்டே ஒரு இறைச்சி ரோல்ஸைக் கடித்து, மடியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. நடந்தாப் பிறகுதான் கேக்கவேணுமோ?" என்றார். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல பக்கத்து நகரமான விட்பியில் புதிதாகக் கட்டுகிற வீடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய வீட்டில் பிள்ளைகள் கூடினால் பாடம் நடக்கும். பாடம் என்று அவர் சொல்ல மாட்டார். ஐஸ்கிறீமைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டே, "ஒரு அறைக்குள்ளை போறியள், மேசையிலை துவக்கு ஒண்டு கிடக்கு. என்ன செய்வியள்?" என்று கேட்பார். ஒருவன் சுடுவேன் என்பான். இன்னொருவன் பொலிசைக் கூப்பிடுவேன் என்பான். என் மகள் வகுப்பில் கெட்டிக்காரி, அந்தத் தோரணையில், "நான் கவனமா எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிட்டைக் குடுப்பன்" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். பொறுப்பான பிள்ளைகள்தான் அப்படிச் செய்யும், அதனால் அவர்களுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பிள்ளைகளுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். "கையைக் கட்டு. காலை எடு. வெளியிலை வந்து பெரியாள் ஒருத்தருக்குச் சொல்லு." விளையாட்டுத் துவக்கோ உண்மைத் துவக்கோ என்று பார்ப்பது பிள்ளைகளுடைய வேலை இல்லை. அதைச் சொல்லி விடுவதோடு நிற்கவும் மாட்டார். பிளாஸ்ரிக் தண்ணீர்த் துவக்கு ஒன்றை ஊத்தை உடுப்புக் கூடைக்குள் போட்டுவிட்டு, துவாய் எடுத்துவரச் சொல்லி ஒவ்வொருவராக அனுப்புவார். தொட்டுவிட்டு வந்த பிள்ளையை ஏச மாட்டார், திரும்பப் போய் வரச் சொல்வார். கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு அவர்கள் வந்து முறைப்பாடு செய்வதைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒருநாள் என் மகள் கேட்டாள், "அன்ரி, அது கோள் சொல்றதெல்லோ?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் நாங்கள் பழக்குகிற முதல் ஒழுக்கம் கோள் சொல்லக்கூடாது என்பதுதானே. அதுமட்டுமா, ஒரு பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, நீ ஏன் அந்த அறைக்குள் போனாய், மற்றவர்களுடைய அலுமாரியை ஏன் திறந்தாய் என்பதுதான். சொல்ல வந்த செய்தி அங்கேயே செத்துவிடும். அவர் பிள்ளைகளிடம், ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவனுக்கு அடிபடாமல் இருக்கச் சொல்வது கோள் இல்லை என்றார். பிறகு பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மாராகிய எங்களிடம் திரும்பினார்.

"சொல்ல வந்த பிள்ளையைத் தயவுசெய்து முதல்லை ஏசாதேங்கோ. ஒருக்கா ஏசினால் அடுத்த முறை அது வாய் திறக்காது" என்றார். "இன்னுமொண்டு. சொல்லிக்குடுத்தாச்சுத்தானே எண்டு நாங்கள் பூட்டாமல் விடேலாது. நான் இவ்வளவும் சொல்லிக்குடுத்த பிள்ளையே நாளைக்கு மறக்கும். மறக்கிறது அதின்ரை வயசு. பூட்டுறது எங்கட வேலை."

இவ்வளவு நியாயமான மனுசி. ஆனால் நியாயத்துக்கு விலை கொடுத்தது அவர் இல்லை, அவருடைய மகன்.

அந்தப் பையன் தாயைப் போல இல்லை. மெதுவாகப் பேசுவான். கன்னத்தில் குழி விழும். தகப்பன் பிறம்ரனிலிருந்து பாரவண்டி ஓட்டுகிறவர். கண்டத்தின் மறுகரைக்குப் போய்த் திரும்பினால் இரண்டு நாள் வீட்டில் நிற்பார். அண்ணன் தம்பி இல்லை. அவனுக்குக் கூட்டாளிகள் என்றால் உயிர். ஆனால் கேள்வி ஒரு வீட்டைச் சுற்றி வந்ததும் அந்த வீட்டு அழைப்பு நின்றுவிடும். "ஐயோ, உவ பொலிஸ் மாதிரி விசாரிப்பா" என்று தாய்மார் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டு அவனை விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் வகுப்பிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு பிறந்தநாளுக்குப் போனார்கள், அவன் போகவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் அந்தப் பார்ட்டியில் கொடுத்த ஒரே நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்களாம். என் மகளும்தான் போட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் நான் அவருடைய சமையலறையில் இருந்தேன். பையன் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"அம்மா, நீங்கள் கேக்கிறதாலைதான் என்னை ஒருத்தரும் கூப்பிடுகினமில்லை. பிளீஸ், ஸ்ரொப் பண்ணுங்கோ."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். எனக்கு அவருக்காகவும் பாவமாக இருந்தது, அவனுக்காக அதைவிடப் பாவமாக இருந்தது. அவர் விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

"கேக்கிறதை விடமாட்டன் அப்பன்" என்றார். "கேக்கிற விதத்தை மாத்திறன்."

மாற்றினார்தான். அதற்குப் பிறகு முதலில் தன் வீட்டைப் பற்றிச் சொல்வார். எங்கள் வீட்டில் துவக்கு இல்லை, நாய் இல்லை, மருந்துகள் மேல் தட்டில் பூட்டிக் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்பார். குரலில் தேன் வடியும். சனம் அதற்கும் மசியவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளுக்காகக் காரில் காத்துக்கொண்டிருந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே, "அவனுக்குக் கூட்டாளியள் வேணும். அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ தங்கச்சி" என்றார். கண்ணாடியில் பார்த்து உதட்டுச்சாயத்தைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, தேவையில்லாமல் திரும்பவும் பூசினார்.

அப்படி இருக்கும்போதுதான் விட்பியிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தது என் மச்சாள், கணவரின் தங்கை. அவளுடைய மகனுக்கும் அதே வயது. எங்கள் வீட்டில் இவனோடு விளையாடிப் பிடித்துப்போய், பிறந்தநாளுக்கு அவனும் வரவேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறான். பையன் பரிசுப் பொருளைத் தானே தெரிவுசெய்து, தானே கடதாசி சுற்றி, அது பிடிக்காமல் பிரித்துத் திரும்பச் சுற்றினானாம். தாய் வழக்கம்போலப் போன் எடுத்தார்.

இந்த வீட்டில் துவக்கு இருந்தது. மச்சாளின் கணவர் வேலைத்தலத்து வெள்ளைக்காரருடன் சேர்ந்து மான் வேட்டைக்குப் போகப் பழகியிருந்தார். முறைப்படி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, பிறகுதான் துவக்கு வாங்கினார். மச்சாள் ஒன்றையும் மறைக்கவில்லை. ஓம், இருக்கிறது, இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று நேராகச் சொன்னாள். இவருக்கு மகா சந்தோசம். ஒழுங்காக மறுமொழி சொல்கிற ஒரு வீடு கிடைத்ததே என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஆனால் அவரால் அதோடு நிற்க முடியுமா? அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி மச்சாள் போனை வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே எனக்கு எடுத்தாள். இனி நகைப்பெட்டித் திறப்பையும் கேட்பாவாம் என்று பொரிந்து தள்ளினாள்.

இவர் போவதா விடுவதா என்று யோசித்தார். நானும் வருகிறேன், நாங்கள் எல்லோரும் அங்கேதானே நிற்கப்போகிறோம் என்று நான் சொன்னேன். பையன் சுற்றி வைத்த பரிசை மடியில் வைத்துக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மை சொன்ன வீடு, பூட்டி வைத்த வீடு, போவோம் என்று அவர் முடிவெடுத்தார்.

விட்பியில் அப்போது அந்தத் தெருவே புதிது, மரங்கள்கூட இடுப்பளவுக்குத்தான் நின்றன. பார்ட்டி எங்கள் பார்ட்டிகளைப் போலத்தான். ஜக்கெற்றுகள் எல்லாம் மேல்மாடியில் பெரிய அறைக் கட்டிலில் மலையாகக் குவிந்திருந்தன. ஆண்கள் பேஸ்மென்றில், பெண்கள் சமையலறையில், பிள்ளைகள் மேலே. அவர் பச்சைப் பட்டுச்சேலை கட்டி வந்து, மச்சாளின் அலுமாரிகளை எல்லாம் திறந்து பார்த்து, இடவசதி நல்லது என்று புகழ்ந்தார். மச்சாளுக்குக் கோபம் பாதி போய்விட்டது. மான் இறைச்சிக் கறி வந்தது. நானும் சாப்பிட்டேன், நல்லாகத்தான் இருந்தது.

இங்கே எங்கள் வீடுகளின் சாமி அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். கனடாக்காரன் துவாய் வைக்கக் கட்டிய அலுமாரியை நாங்கள் சாமி அறை ஆக்கிக்கொள்வோம். தொலையக்கூடாதது எல்லாம் அங்கேதான் போகும். கடவுச்சீட்டு, சாதகம், தாலிக்கொடி, பெட்டகத்துத் திறப்பு. சாமி பார்த்துக்கொள்ளும், களவு போகாது என்று ஒரு நம்பிக்கை. எல்லோரும் செய்வது, அதனால் அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எங்களுக்குப் பட்டதே இல்லை. ஆனால் வீட்டில் பிள்ளைகளை நாங்கள் தினமும் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணைத் திறந்து நல்லாகப் பார்த்துக் கும்பிடு என்று சொல்கிற ஒரே இடம் அதுதான்.

மச்சாளின் கணவர் துவக்கு அலுமாரியின் திறப்பைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தார். தினமும் அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறவன் அவருடைய மகன்.

மேலே நடந்ததை என் மகள் பிறகு ஒழுங்காகச் சொன்னாள். பிறந்தநாள்காரன் எல்லோருக்கும் அப்பாவின் துவக்கைக் காட்டப்போவதாகச் சொல்லித் திறப்பை எடுத்துவந்து பெரிய அறையிலிருந்த இரும்பு அலுமாரியைத் திறந்திருக்கிறான். பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவன் இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்திருக்கிறான். இவன் கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாம், வை என்று சொன்னானாம். பயந்தாங்கொள்ளி என்று சிரித்திருக்கிறார்கள். கீழே போய்ச் சொன்னால் இனி என்ரை வீட்டுக்கு வரேலாது, ஒருத்தரும் உன்னோடை சேரமாட்டினம் என்று பிறந்தநாள்காரன் சொல்லியிருக்கிறான். அது வெறும் வெருட்டல் இல்லை என்று இவனுக்குத் தெரியும்.

நாங்கள் கீழே கேக் வெட்ட ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். இரண்டு பிள்ளைகள் படியால் இறங்கி வந்தார்கள். முன்னால் அவன், பின்னால் என் மகள். இரண்டு பேரும் கையைக் கட்டியிருந்தார்கள். முன்பு அதைப் பார்த்துச் சிரித்த நான் கேக் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தேன்.

"அம்மா, மேலை துவக்கு வெளியிலை இருக்கு" என்றான்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் படியேறிய வேகத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். நான் பின்னால் ஓடினேன். அறை வாசலில் அவருடைய குரல் உயரவில்லை. வீடு காட்டுகிறபோது பேசுவாரே, அதே குரலில், "கட்டிலிலை வை அப்பன். ஆ, அப்பிடித்தான். இப்ப எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கீழை வாங்கோ" என்றார். ஜக்கெற்றுகளுக்கு மேல் துவக்குக் கிடந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள். அவர் வாசலை விட்டு நகரவில்லை. மச்சாளின் கணவர் பேஸ்மென்றிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். அந்த மனிதர் துவக்கை உள்ளே வைத்துப் பூட்டி முடிக்கும்வரை இவர் பார்த்துக்கொண்டு நின்று, திறப்பு வளையத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டுதான் கீழே இறங்கினார்.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பிரச்சினை. ஒன்றும் நடக்காததால் எல்லோருக்கும் கோபப்பட நேரம் கிடைத்தது. மச்சாளின் கணவர், சாமி அறையில் கை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டு மகனை நோக்கிக் கையை ஓங்கினார். மச்சாள் இந்தப் பையனைப் பார்த்து, வந்த இடத்தில் கோள் சொல்லத் தாய்தானே பழக்கியது என்றாள். யாரோ, நாங்கள் பாக்காத துவக்கோ என்று சிரிக்கப் பார்த்தார்கள். அவன் கேக்குக்குப் பக்கத்தில், இன்னும் கையைக் கட்டியபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் போய் ஓங்கிய கைக்கும் அழுதுகொண்டிருந்த பிறந்தநாள்காரனுக்கும் நடுவில் நின்றார். "அண்ணை, அவனுக்கு அடிக்காதேங்கோ. திறப்பை அங்கை வைச்சது நீங்கள்" என்றார்.

"அதுக்குள்ளை தோட்டா இல்லை. தோட்டாப் பெட்டி வேறையாப் பூட்டிக் கிடக்கு" என்றார் மச்சாளின் கணவர். "சட்டப்படிதான் எல்லாம் வைச்சிருக்கிறன்."

இவர் வளையத்தை விரலில் தூக்கிப் பிடித்தார். "அப்ப இந்த வளையத்திலை தொங்கிற மற்றத் திறப்பு என்னத்தின்ரை, அண்ணை?"

அந்த மனிதரின் ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சாள், அவன் வந்து சொல்லாட்டி எங்களுக்கு வேறை விதமாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அதற்காக அந்தப் பக்கத்துச் சொந்தம் என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மச்சாளின் கணவர் இலக்கம் அழுத்தித் திறக்கிற அலுமாரி வாங்கினார், தோட்டாப் பெட்டித் திறப்பு அவருடைய இடுப்புக்கு மாறியது. என் கணவர் வீட்டுக்கு வந்ததும் நேரே எங்கள் சாமி அறைக்குப் போய், அங்கே என்னென்ன கிடக்கிறது என்று பார்த்தார். தாய்மார் மனம் திருந்தி வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்டார்களா என்றால், இல்லை. ஓரிருவர் தாங்களும் மற்ற வீடுகளில் கேட்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். அவனுக்கு அந்த வருடம் பெரிதாக அழைப்புகள் வரவில்லை. என் மகள் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டாள். அடுத்த கோடையில் தகப்பனின் வேலையோடு அவர்கள் கல்கரிக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கேயும் அவர் வீடு விற்கிறார் என்றும், அங்கேயும் கேட்கிறார் என்றும் கேள்விப்படுகிறேன்.

எனக்கு அவரை நினைத்தால் அன்றைக்கு விட்பி வாசலில் கண்டதுதான் முன்னுக்கு வரும். கேக் வெட்டியும் வெட்டாமலும் எல்லோரும் புறப்பட்டார்கள். வாசலெங்கும் பூட்ஸ்கள் குவிந்து கிடந்தன. பையன் படியின் கீழ்த்தட்டில் இருந்தான். அவர் ஈரத் தரையில் பட்டுச்சேலையோடு முழங்காலில் இருந்து அவனுக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அவனுக்குத் தானே மாட்டத் தெரியும். ஆனால் அவன் கட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை.

"இனி என்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்" என்றான்.

கூப்பிடுவார்கள், கவலைப்படாதே என்று அவர் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். எந்தத் தாயும் அதைத்தானே சொல்வாள்.

"ஓம் அப்பன். கூப்பிடமாட்டினம்" என்றார். "திரும்பிப் பார். எல்லாரும் ஜக்கெற் போடுகினம். ஒருத்தரும் குறையாமல் எல்லாரும் வீட்டை போகினம்."

அவன் திரும்பிப் பார்த்தான். பிள்ளைகள் கைமாறிப் போட்ட சட்டைகளை இழுத்துக்கொண்டு, ஒரு கையுறையைத் தேடிக்கொண்டு, தாய்மாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பிறந்தநாள்காரன் தகப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றான். பையன் ஒவ்வொருவராக எல்லோரையும் பார்த்தான். பிறகு தாயிடம் மற்றக் காலை நீட்டினான்.